யாரைக் கேட்டுப் பூட்டினீங்க?

அப்பா பிள்ளையைக் கேட்பார், "யாரைக் கேட்டுடா வெளியே போனே?" என்று. மாமியார் மருமகளைக் கேட்பாள், "யாரைக் கேட்டு இந்த டம்ளரை எடுத்தே?" என்று. மேலே இருக்கிறவர்கள் கீழே இருக்கிறவர்களைப் பார்த்துக் கேட்கிற கேள்வி அது. நானும் காட்டூரில் பிறந்த வீட்டில் அதைக் கேட்டுக் கேட்டுத்தான் வளர்ந்தேன். அதையே தலைகீழாகத் திருப்பி, கீழே நின்றுகொண்டு மேலே பார்த்துக் கேட்ட ஒரே மனுஷரை, கல்யாணமாகி ஸ்ரீரங்கத்துக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். கடைசியில் அந்தக் கேள்வி சுற்றிச் சுற்றி வந்து அவர் சட்டையையே பிடித்துக்கொண்டது. அந்தக் கூத்தைத்தான் சொல்ல வருகிறேன்.

அவர் பேரை இப்போது சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. அப்போதும் யாரும் சொன்னதில்லை. அமெரிக்கா சார் என்றால்தான் அம்மா மண்டபம் சாலையில் கைகாட்டுவார்கள். அமெரிக்காவுக்குப் போனவரா என்றால், அட போங்க, அவர் சமயபுரத்தைத் தாண்டியதே அபூர்வம். ரயில்வேயில் குமாஸ்தா. ஒல்லியான தேகம், காதில் பென்சில், கையில் எப்போதும் மடக்கின குடை. குடையை நீட்டித்தான் பேசுவார்.

நாங்கள் இருந்தது ஒரு ஸ்டோர் வீடு. ஒரே வாசல், ஒரே கிணறு, ஒரே மாடிப்படி, சுற்றிலும் பன்னிரண்டு குடித்தனம். அவரைக் கேட்டால் பதின்மூன்று என்பார். வீட்டுச் சொந்தக்காரர் பழைய சாமானைப் போட்டு வைத்திருந்த இருட்டறையையும் ஒரு குடித்தனமாகச் சேர்த்துக்கொள்வார்.

"அமெரிக்காவுல லண்டன் ராஜாவை எதிர்த்துப் பிரிஞ்சது பதிமூணு நாடுங்க. நம்மளும் பதிமூணு. கணக்கு சரியா இருக்கு பாருங்க."

"அந்த ரூம்ல எலிதானே சார் இருக்கு?" என்றார் என் வீட்டுக்காரர்.

"எலிக்கும் கொடுமை கொடுமைதானே?"

இந்த மனுஷரோடு என்ன பேசுவது!

யாரைக் கேட்டீங்க என்பது அவருக்கு மூச்சு மாதிரி. பால்காரர் பாலில் தண்ணீர் கலந்தால் தெருவே சண்டை போடும். இவர் சண்டை போடமாட்டார். "கலக்கிறதுக்கு முன்னாடி எங்களைக் கேட்டீங்களா?" என்பார். கேட்டிருந்தால் சம்மதித்திருப்பாரோ என்னவோ. ஒருநாள் பஸ், நிற்கவேண்டிய இடத்துக்குச் சற்று முன்னாலேயே நின்றுவிட்டது. இவர் இறங்க மாட்டேன் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"யாரைக் கேட்டு ஸ்டாப்பை மாத்தினீங்க?"

"முன்னால மாடு படுத்திருக்கு சார். மாட்டைக் கேளுங்க" என்றார் கண்டக்டர்.

இவர் எட்டிப் பார்த்தார். மாடு படுத்திருந்தது. "அது நியாயம்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். அதுதான் அவரிடம் எனக்குப் பிடித்தது. நியாயம் என்று பட்டுவிட்டால், சொன்னது கண்டக்டரா கலெக்டரா என்று பார்க்க மாட்டார். உடனே குடையை இறக்கிவிடுவார்.

அவர் வீட்டில் டீ கிடையாது. ராஜா வரி போட்ட கோபத்தில் அமெரிக்காக்காரர்கள் டீப்பெட்டிகளைக் கடலில் கொட்டினார்களாம். அதனால் காபிதான் சுதந்திரமான மனுஷன் குடிக்கவேண்டியது என்பார். ஒருமுறை அவருக்கு ஜலதோஷம் வந்து மூக்கு ஒழுகியபோது, அவர் மனைவி இஞ்சி தட்டிப்போட்டு ஒரு டம்ளர் நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். "என்ன இது?" என்றார். "கஷாயம்" என்றார் அத்தை. அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். சார் குடித்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கே, நாளைக்கும் போடு" என்றார். அத்தை என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

நம் நாட்டுக்கும்தான் சுதந்திரம் வந்தது, அதை விட்டுவிட்டு எங்கேயோ இருக்கிற ஊரின் சுதந்திரத்தை எதற்குத் தூக்கிச் சுமக்கிறார் என்று எனக்கு ஆத்திரம். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவள் இல்லை. ஒருநாள் கிணற்றடியில் கேட்டே விட்டேன்.

அவர் வாளியைக் கீழே வைத்தார். "நாற்பத்திரண்டுல ஊரே ரோட்டுல நின்னுச்சும்மா. என் கூடப் படிச்ச பசங்க எல்லாம் ஜெயிலுக்குப் போனானுங்க. நானும் கிளம்பினேன். எங்கப்பாவைக் கேட்டேன். வேண்டாம்னுட்டாரு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். கேக்காமப் போனவன் எல்லாம் தியாகி ஆயிட்டான். நான் கேட்டேன். நம்ம சுதந்திரத்துல எனக்குப் பங்கு இல்லம்மா. அதான் பி.ஏ. சரித்திரத்துல படிச்ச அடுத்தவன் சுதந்திரத்தை எடுத்துக்கிட்டேன்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை எனக்கு. சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார்.

அவருக்கு ஒரே பெண், வசந்தா. இருபத்திரண்டு வயசு. தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். தினமும் காவிரிப் பாலத்தைத் தாண்டி பஸ்ஸில் போய் வருவாள். வேலை தற்காலிகம்தான். கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் நிரந்தரம் பண்ணுவதாகச் சொல்லியிருந்தார்கள். அவள் உயிரே அதில்தான் இருந்தது. ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைகள் சாக்பீஸைத் தின்பதைக்கூட ஏதோ கச்சேரிக்குப் போய்வந்தவள் மாதிரி வர்ணிப்பாள். அப்பா மாதிரி பேச்சுக்காரி இல்லை. நாலு வார்த்தைக்கு ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தை சரியான இடத்தில் விழும்.

வீட்டுச் சொந்தக்காரர் முசிறியில் இருந்தார். வாழைத்தோப்பு, நெல், பம்புசெட் என்று வசதியான ஆள். எப்போதாவது பஸ்ஸில் வருவார், ஒரு வாழைத்தாரைக் கூடத்தில் சாய்த்துவைப்பார், போய்விடுவார். எங்களுக்கு அவர் வெறும் முசிறிக்காரர். சாருக்கோ அவர் லண்டன் ராஜா.

"கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் உக்காந்துக்கிட்டு இந்தப் பக்கம் இருக்கிற நம்மளை ஆள்றாரே, நியாயமா?" என்பார். முசிறிக்காரர் எங்களை எங்கே ஆண்டார்? கிணற்று ராட்டினம் கிறீச்சிடுகிறது, எண்ணெய் போடச் சொல்லுங்கள் என்றால்கூட ஆறுமாசம் ஆகும். அப்படி ஒரு ஆட்சி.

அப்படிப்பட்டவர் ஒரு பங்குனி மாசம் நிஜமாகவே ஆளத் தொடங்கினார். மொட்டை மாடித் தளம் விரிசல் விடுகிறது, யாரும் ஏறக்கூடாது என்று ஆளை அனுப்பி, மாடிப்படிக் கதவுக்கு இவ்வளவு பெரிய திண்டுக்கல் பூட்டு ஒன்றைத் தொங்கவிட்டுவிட்டார். எப்போது? பன்னிரண்டு வீட்டிலும் வடகத்துக்கு மாவு அரைத்துவைத்த நாளில்! விடிந்ததும் எல்லா அடுப்பிலும் கூழ் கொதித்து இறங்கியிருக்கிறது. பச்சைமிளகாயும் எலுமிச்சையும் மணக்கிறது. பழைய வேட்டிகளை நனைத்துப் பிழிந்து எடுத்துக்கொண்டு நாங்கள் படியேறினால், கதவில் பூட்டு. கூழ் ஆறினால் இறுகிப்போகும். அப்புறம் சுவரில் போஸ்டர் ஒட்டத்தான் ஆகும்.

சார் வந்தார். பூட்டைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு ஒளி வந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பதினைந்து வருஷமாக அவர் காத்துக்கொண்டிருந்த பூட்டு அது.

"யாரைக் கேட்டுப் பூட்டினீங்க?" என்று பூட்டைப் பார்த்தே கேட்டார். அப்புறம் எங்கள் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களாம்மா? இப்படித்தான் அங்கேயும் ஆரம்பிச்சது. லண்டன்ல உக்காந்துக்கிட்டு டீத்தூளுக்கு வரி போட்டான் ராஜா. அங்க சபையில இவங்க ஆளுன்னு ஒருத்தன் கிடையாது. யாரைக் கேட்டுப் போட்டேன்னு கேட்டாங்க. ஒரு தேசமே அந்தக் கேள்வியிலேர்ந்து பொறந்தது. ஆளப்படுறவன் சம்மதம் இல்லேன்னா ஆள்றவனுக்கு அதிகாரமே இல்லீங்க. மனுஷன் எல்லாரும் பொறக்கும்போதே சமம்."

"அதெல்லாம் சரி சார், பூட்டை உடைக்கலாமா?" என்றேன்.

"உடைக்கலாம். ஆனா அதுக்கு முன்னாடி காரணத்தை உலகத்துக்குச் சொல்லணும். அவங்க அப்படித்தான் செஞ்சாங்க. காரணம் சொல்லாம உடைச்சா அது திருட்டு. சொல்லிட்டு உடைச்சா சுதந்திரம்."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று வாசலுக்குப் போனார். காவிரியில் குளிக்க அம்மா மண்டபத்துக்குப் போகிறவர்களும் வருகிறவர்களுமாகச் சாலை நிறைய ஜனம். அவர்கள்தான் உலகம். படியில் ஏறி நின்று குடையை நீட்டி ஆரம்பித்தார். "அவர் எங்கள் ராட்டினத்துக்கு எண்ணெய் போடவில்லை! அவர் கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுத் தரவில்லை! அவர் எங்கள் சம்மதம் இல்லாமல் எலிகளை எங்கள் மத்தியில் குடிவைத்திருக்கிறார்!" ஈர வேட்டியோடு நாலு பேர் நின்று கேட்டார்கள். கீரைக்காரி கூடையை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்தேவிட்டாள். ஏதோ கட்சி மீட்டிங் என்று நினைத்து ஒருவர் கைகூடத் தட்டினார்.

நான் கூழுக்குள் கரண்டியை விட்டுப் பார்த்தேன். கரண்டி நிமிர்ந்து நின்றது. எனக்கு வந்ததே கோபம்! அம்மியிலிருந்து குழவியைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு போடு போட்டேன். இரண்டாவது போட்டில் திண்டுக்கல் பூட்டு வாயைப் பிளந்துவிட்டது. வாசலில் அவர் இன்னும் தாழ்ப்பாளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். உலகத்துக்குச் சொல்லி முடித்துவிட்டு வியர்த்து விறுவிறுத்து அவர் மேலே வந்தபோது, நாங்கள் பாதி வடகத்தை ஊற்றி முடித்திருந்தோம்.

"உடைச்சாச்சா?" என்றார். குரலில் கொஞ்சம் ஏமாற்றம்.

"நீங்க காரணம் சொல்லிட்டீங்கல்ல சார், அதான் உடைச்சேன்" என்றேன். சமாதானமாகிவிட்டார்.

அன்று சாயங்காலமே மாடியில் ஸ்டோர் சபை கூடியது. ஒரு பக்கம் மொட்டையாக நிற்கிற ராஜகோபுரம், இன்னொரு பக்கம் ஆற்றுக்கு அப்பால் மலைக்கோட்டை, நடுவில் எங்கள் வடகம். இனிமேல் இந்த மாடியில் எது நடந்தாலும் சபையைக் கேட்டுவிட்டுத்தான் நடக்கும், சம்மதிக்கிறவர்கள் கையைத் தூக்க வேண்டும், அப்புறம் எதிர்க்கிறவர்கள் தூக்க வேண்டும் என்று சார் சட்டம் சொன்னார். வீட்டுக்கு ஒரு கை. குடும்பத்தலைவர் கை.

"பூட்டை உடைச்சது எந்தக் குடும்பத்தலைவருங்க?" என்று கேட்டேன்.

என் வீட்டுக்காரர் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். பெரிய கடைவீதியில் ஜவுளிக்கடையில் வேலை. வாங்க வந்தவர் கோபித்துக்கொள்வாரோ என்று பயந்து பயந்தே துணி கிழிக்கிற மனுஷர் அவர். நான் விரலை நீட்டினேன். போன மாசம் பொதுத்தேர்தலில் வைத்த மை நகக்கண்ணில் இன்னும் இருந்தது. "டெல்லிக்கு யாரை அனுப்புறதுன்னு என்னைக் கேக்குறாங்க. வடகம் காயப்போடுற மாடிக்கு என்னைக் கேக்க மாட்டீங்களா? உங்க அமெரிக்காவுல பொம்பளைங்க கை தூக்கினாங்களா இல்லியா சார்?"

சார் குடையை இறக்கினார். "இல்லம்மா. அதுக்கு ரொம்ப காலம் ஆச்சு. அது மட்டுமா? எல்லாரும் சமம்னு கையெழுத்துப் போட்டவங்கள்லயே பல பேரு வீட்டுல அடிமைங்களை வச்சிருந்தாங்க."

"அப்ப அவங்க சொன்னது பொய்யா?" என்று வசந்தா கேட்டாள். அன்றைக்கு அவள் பேசிய ஒரே பேச்சு அது.

"பொய் இல்லம்மா" என்றார் அவர், ரொம்ப மெதுவாக. "சொன்னது அவங்களைவிடப் பெருசாப் போயிருச்சு. அவங்க எட்டிப் பிடிக்க முடியல." அப்புறம் நிமிர்ந்தார். "இருபத்தோரு வயசு ஆன எல்லாருக்கும் கை உண்டு. தீர்மானம்."

அத்தை உடனே எழுந்தார். "அப்ப எனக்கும் உண்டா?"

"உண்டு."

"உங்களுக்கு எதிரா தூக்கலாமா?"

"தாராளமா."

"நம்ம வீட்டுல டீ போடலாம்னு சொல்றேன். சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க."

மாடி முழுக்கக் கை எழுந்தது. ஒரு வீட்டு டீ விஷயத்தில் சபைக்கு என்ன வேலை என்று அவர் வாதாடியிருக்கலாம். வாதாடவில்லை. மறுநாள் காலையில் டம்ளரைக் கையில் வாங்கி ஒரு வாய் குடித்தவர், "இது கஷாயம் மாதிரி இருக்கே" என்றார். அத்தை அடுக்களைக்குள் ஓடிப்போய்விட்டார்.

ஒரு வாரத்தில் முசிறிக்காரர் வந்தார். யுத்தம்தான் என்று நாங்கள் கதவோரம் நின்றோம். சார் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு காத்திருந்தார். முசிறிக்காரர் ஆள்தான் பெரிசு, சத்தம் கிடையாது. உடைந்த பூட்டைக் கையில் எடுத்து, செத்துப்போன கோழிக்குஞ்சைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"திண்டுக்கல் பூட்டுங்க இது. ஒரிஜினல். எதைப் போட்டு உடைச்சீங்க?"

"சுதந்திரத்தைப் போட்டு" என்றார் சார்.

"குழவியைப் போட்டு" என்றேன் நான் உள்ளிருந்து.

முசிறிக்காரர் உட்கார்ந்தார். வெயிலில் வந்த மனுஷர், என்ன இருந்தாலும் விருந்தாளி. அத்தை சாப்பிடச் சொன்னார். வத்தக்குழம்பு, அன்றைக்குப் பொரித்த கூழ்வடகம். வசந்தாதான் பரிமாறினாள். அன்று ஞாயிற்றுக்கிழமை. முசிறிக்காரர் வடகத்தைக் கடித்தார். இன்னொன்றைக் கடித்தார். வசந்தாவைப் பார்த்தார். பேச்சு பூட்டிலிருந்து நழுவி உறவுமுறைக்குப் போயிற்று. விசாரித்தால் இரண்டு பேரும் ஒரே வகையறா, தூரத்துச் சொந்தம்கூட. அவருடைய இரண்டாவது மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"பொண்ணு மகாலட்சுமி மாதிரி இருக்கு. பேசி முடிச்சிருவோமா? வேலைக்கெல்லாம் போகவேண்டியதில்லீங்க, தோப்பே நாலு பேருக்குச் சோறு போடும். மாடி என்னங்க மாடி, சம்பந்தி ஆயிட்டா நீங்களே ஏறுங்க இறங்குங்க" என்று சொல்லி, பூட்டின் சாவியைத் தூக்கி சார் கையில் வைத்தார். பூட்டே இல்லை, அதற்குச் சாவி!

லண்டன் ராஜாவே சம்பந்தியாக வருகிறார். சாருக்குத் தலைகால் புரியவில்லை. "எங்க பாக்கியம்ங்க" என்று இரண்டு கையாலும் சாவியை வாங்கிக்கொண்டார். அடுத்த வெள்ளிக்கிழமை தாம்பூலம் மாற்றுவதாக அங்கேயே முடிவாயிற்று. யாரைக் கேட்டார்? ஒருத்தரையும் கேட்கவில்லை. பாலுக்கும் பஸ்ஸுக்கும் கேட்ட வாய்!

மறுநாள் சாயங்காலம் மாடியில் மோர்மிளகாயைப் புரட்டிப் போட்டுக்கொண்டே வசந்தா சொன்னாள், "ஜூன்ல எனக்கு வேலை நிரந்தரம் ஆயிரும்க்கா." இன்னொரு மிளகாயைப் புரட்டிவிட்டு, "என்னை ஒருத்தரும் கேக்கலையே" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

என்னை மட்டும் யார் கேட்டார்கள்? காட்டூரில் என் அப்பா தாம்பூலம் மாற்றிவிட்டு வந்து, கையைக் கழுவிக்கொண்டேதான் எனக்குச் சொன்னார். என் வீட்டுக்காரர் நல்ல மனுஷராக அமைந்தது என் அதிர்ஷ்டம், அவ்வளவுதான்.

"உங்கப்பாகிட்ட நேரா சொல்லேன்."

"சொன்னா கேட்டுக்குவாரு. ஆனா சம்பந்திக்கு வாக்குக் கொடுத்துட்டேனேன்னு ராத்திரியெல்லாம் அழுவாரு. அதைப் பாத்தா நானே சரின்னுடுவேன்."

நான் யோசித்தேன். "வசந்தா, உனக்கு வயசு இருபத்திரண்டுதானே?"

"ஆமா."

"மாடியில உனக்கும் ஒரு கை இருக்குல்ல?"

அவள் மிளகாயிலிருந்து கையை எடுத்து என்னைப் பார்த்தாள். நான் கீழே இறங்கிப்போய், "கூடத்துல புழுக்கமா இருக்கும் சார், வெள்ளிக்கிழமை தாம்பூலத்தை மாடியிலயே வச்சுக்கலாமே. காத்து வரும், சம்பந்தி வீட்டுக்காரங்களுக்கு கோபுரமும் தெரியும்" என்றேன். அருமையான யோசனை என்றார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாடியில் ஜமுக்காளம் விரித்தாயிற்று. முசிறியிலிருந்து ஒரு கூட்டமே வந்தது, தட்டுத்தட்டாகப் பழம், பூ, வெற்றிலையோடு. மாப்பிள்ளை வரவில்லை. அவரைக் கேட்டார்களோ என்னவோ, யார் கண்டது. வசந்தா அரக்குப் புடவையில் அவள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முசிறிக்காரர் தட்டை எடுத்தார்.

"ஒரு நிமிஷம் சம்பந்தி" என்றார் சார். தன்னுடைய சபையை ராஜாவுக்குக் காட்டாமல் விடுவாரா! "எங்க மாடியில ஒரு வழக்கம் வச்சிருக்கோம். எது நடந்தாலும் கேட்டுட்டுத்தான். சும்மா ஒரு முறைக்குத்தான்." எழுந்து நின்று குடையைத் தேடினார். சுபகாரியம் என்று அத்தை ஒளித்துவைத்திருந்தார். வெறும் கையை நீட்டினார். "இந்தச் சம்பந்தத்துக்குச் சம்மதிக்கிறவங்க கை தூக்கலாம்!"

கைகள் எழுந்தன. வளையல் கைகள், கடிகாரம் கட்டின கைகள். முறை தெரியாமல் முசிறிக் கூட்டமும் தூக்கியது. என் வீட்டுக்காரர் கை பாதி வரை போனது. நான் பார்த்தேன். இறங்கிவிட்டது. சார் முகம் பூரித்துப்போயிற்று. சட்டப்படி மிச்சத்தையும் சொன்னார், சிரித்துக்கொண்டே.

"எதிர்க்கிறவங்க?"

வசந்தா கையைத் தூக்கினாள்.

தூக்கிய கையை இறக்கவில்லை. அத்தை அவளைப் பார்த்தார். பிறகு, மடியிலிருந்த வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டு, அவரும் தன் கையைத் தூக்கினார். நான் சும்மா இருப்பேனா? நானும் தூக்கினேன்.

"நீ எதுக்கும்மா கை தூக்குறே?" என்றார் சார்.

"யாரைக் கேட்டீங்கப்பா?" என்றாள் வசந்தா.

அந்தக் கேள்வியை எத்தனையோ பேர் முகத்துக்கு நேரே நீட்டிய மனுஷர், முதல்தடவையாக அது தன்னை நோக்கி வந்தபோது எப்படி நின்றார் என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை. சட்டையின் மேல் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றார். ஓரத்தில் காக்கா ஒன்று வந்து, காயப்போட்டிருந்த மோர்மிளகாயைக் கொத்திக்கொண்டு போனது. யாரும் விரட்டவில்லை.

முசிறிக்காரர்தான் சிரித்து நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தார். நல்ல மனுஷர்தான், சும்மா சொல்லக்கூடாது. "அட, சின்னப்பொண்ணு கூச்சப்படுது. ஓட்டுன்னா ஓட்டுத்தானேங்க? எண்ணிப் பாருங்க. நம்ம பக்கம்தானே கை ஜாஸ்தி?"

உண்மைதான். எண்ண வேண்டிய அவசியமே இல்லை. அவர் போட்ட சட்டப்படியே அவர் ஜெயித்திருந்தார். எல்லோரும் சார் முகத்தைப் பார்த்தோம். எனக்குப் பயம். நான் சொல்லிக்கொடுத்த யோசனை, ஒரு பெண்ணின் தலையில் விடியப்போகிறதே என்று.

அவர் பையிலிருந்து அந்தச் சாவியை எடுத்தார். முசிறிக்காரர் தட்டில், வெற்றிலைமேல் வைத்தார்.

"வடகத்துக்கு எண்ணலாம்ங்க. இதுக்கு எண்ணக்கூடாது. இவ விஷயத்துல இவ ஒருத்தி கைதான் கணக்கு. மத்ததெல்லாம் சும்மா வளையல் சத்தம்."

"வாக்குக் கொடுத்தீங்களே?"

"கொடுத்தேன். என்னுது இல்லாததை எடுத்துக் கொடுத்துட்டேன். மன்னிச்சிருங்க" என்று கும்பிட்டார். கும்பிட்ட கையை ரொம்ப நேரம் இறக்கவில்லை.

முசிறிக்காரர் எழுந்தார். கோபத்தைவிட அவருக்கு ஆச்சரியம்தான் அதிகம். "பொண்ணைப் போய் யாராச்சும் கேப்பாங்களா?" என்று படியிறங்குகிறவரை தனக்குத்தானே கேட்டுக்கொண்டே போனார். ஆனால் அவர் பின்னால் வந்த கூட்டத்துக்குக் கோபம். அந்த மாசமே சாரை வீட்டைக் காலி பண்ணச் சொல்லி ஆள் வந்தது. சார் ஒரு வார்த்தை வாதாடவில்லை. உலகத்துக்குக் காரணம் சொல்லவும் வாசலுக்குப் போகவில்லை. ஆச்சரியமாக இருந்தது எங்களுக்கு. மாடிக்கு மட்டும் அப்புறம் பூட்டு வரவில்லை. குழவி இன்னும் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

தெப்பக்குளத்துப் பக்கம் வசந்தாவே ஒரு சின்ன வீடு பார்த்தாள். பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போய்விடலாம். அவர்கள் கிளம்பிய அன்று, வாசலில் மாட்டுவண்டியில் சாமானெல்லாம் ஏறிக்கொண்டிருந்தது. நான் ஒரு டப்பா வடகம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாய் சும்மா இருக்காமல் அவரைச் சீண்டினேன்.

"என்ன சார், கடைசியில லண்டன் ராஜா நீங்கதான் போலிருக்கே?"

"ஆமாம்மா" என்றார், சிரிக்காமல். "ராஜா ரொம்ப வருஷம் சண்டை போட்டுட்டுத்தான் விட்டான். நான் அன்னிக்கே விட்டுட்டேன். அந்த மட்டும் அவனுக்கு நான் தேவலை." டப்பாவை வண்டியில் வைத்துவிட்டு, "எங்கப்பாவும் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார்.

வண்டியில் முன்னால் ஏறி உட்கார்ந்தார். வசந்தா நடுவில், பின்னால் அண்டா குண்டானோடு அத்தை. வண்டிக்காரர் மாட்டைத் தட்டினார். வண்டி ஒரு உருட்டு உருண்டது. உடனே குடை நீண்டது.

"யாரைக் கேட்டுய்யா ஓட்டுறே? நிறுத்து!"

வண்டி நின்றது. அவர் திரும்பி வசந்தாவைப் பார்த்தார். "போலாமாம்மா?"

அவள் எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள். மாடியைப் பார்த்தாள். "போலாம்ப்பா" என்றாள். வண்டி மறுபடி கிளம்பியது. நாலு அடிகூடப் போயிருக்காது.

"என்னைக் கேட்டீங்களா?" என்று அண்டாவுக்குப் பின்னாலிருந்து அத்தையின் குரல் வந்தது.

வண்டி நின்றது.